சமன்பாட்டுக் குடும்பம் ஒன்றைக் கையால் கணித்துப் படிப்பது எப்படி

xy = t என்ற சமன்பாட்டை உயர்தர வகுப்பிலேயே வரைந்திருப்பீர்கள். t ஐ மாற்ற மாற்ற அதிபரவளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். t = 0 ஆனவுடன் வளையி உடைந்து இரண்டு நேர்கோடுகளாகிவிடும். பல்லுறுப்பிகள் வரையறுக்கும் உருக்களின் குடும்பம் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை. t ஓடும் இடம் அடிவெளி. ஒவ்வொரு t இன் மேலும் நிற்கும் வளையி ஓர் இழை.

கொழும்பில் தமிழில் இணைந்த கணிதம் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் இதே விடயத்தை ஆங்கிலத்தில் சந்திப்பவர்களுக்கு முதல் பக்கத்திலேயே பத்து வரைவிலக்கணங்கள் வந்து விழும். அவற்றைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு குடும்பத்தை முழுமையாகக் கணித்து முடியுங்கள். ஒரு சீஆர் கொப்பி, வர்க்கமூலம் எடுக்கும் கல்குலேட்டர், கடைசிப் பகுதிக்குக் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ பாரி-ஜிபி போன்ற இலவச மென்பொருள் ஒன்று, இவ்வளவும் போதும். சேஜ் என்ற பெரிய கணித மென்பொருள் முழுவதையும் இறக்க டேட்டாவைச் செலவழிக்கத் தேவையில்லை.

எடுத்துக்கொள்ளும் குடும்பம் லெஜாந்தர் குடும்பம்:

y² = x(x − 1)(x − λ)

இங்கே λ ஒரு சிக்கலெண். எந்தக் குடும்பத்தையும் இழை இழையாகப் பார்த்துக்கொண்டு போனால் ஒன்றும் பிடிபடாது. இழை கெடும் புள்ளிகள் எவை, அவற்றைச் சுற்றி வந்தால் என்ன மாறுகிறது என்ற இரண்டையும் கண்டுபிடித்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. கீழே உள்ள ஒழுங்கு அதற்கானது.

முதலில், இது உண்மையில் ஒரு குடும்பம்தானா?

சமன்பாடுகளுக்குள் t இருப்பதால் மட்டும் நல்ல குடும்பம் கிடைத்துவிடாது. tx = 0, x² − x = 0 என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். t ≠ 0 எனில் விடை x = 0 என்ற ஒரே புள்ளி. t = 0 எனில் 0, 1 என இரண்டு புள்ளிகள். x = 1 என்ற புள்ளி t = 0 இன் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது; பக்கத்து இழைகள் எதிலிருந்தும் அது வரவில்லை. இப்படி ஒட்டுண்ணி இல்லாத குடும்பத்தைத் தட்டையானது என்பார்கள். அடிவெளி ஒரு பரிமாணமுள்ளதும் ஒப்பமானதுமாக (முனையோ வெட்டோ இல்லாததாக) இருந்தால் சோதனை எளிது: t ஆல் (அல்லது t − c ஆல்) பெருக்கும்போது பூச்சியமாகும் பூச்சியமல்லாத சார்பு எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால், t இன் ஏதாவது ஓர் அடுக்கால் பெருக்கும்போது ஐடியலுக்குள் (தந்த சமன்பாடுகளைப் பல்லுறுப்பிகளால் பெருக்கிக் கூட்டிக் கிடைப்பவற்றின் தொகுதிக்குள்) வந்து விழும் எல்லாவற்றையும் ஐடியலிலேயே சேர்த்துவிடுங்கள். மேலே x ஐச் சேர்த்தால் கோளாறு தீர்ந்துவிடும்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். x² = t இல் இரண்டு புள்ளிகள் t = 0 இல் ஒன்றாகின்றன. அங்கே இழை x = 0 அல்ல, x² = 0 என்ற இரட்டைப் புள்ளி. அந்த இரண்டைத் தொலைத்தால் பின்னால் வரும் எண்ணிக்கை ஒவ்வொன்றும் பிழைக்கும்.

லெஜாந்தர் குடும்பத்தில் ஒரே சமன்பாடுதான் உள்ளது. எந்த λ − c உம் அதை வகுக்காது. ஆகவே தட்டையானது. முடிவிலியில் உள்ள புள்ளியையும் சேர்க்க y²z = x(x − z)(x − λz) என்று எழுதிக்கொள்ளுங்கள். இது வெறும் அலங்காரமல்ல. tx = 1 என்ற குடும்பத்தில் எந்த இழையிலும் சிங்குலர் புள்ளி (ஒப்பமாக இல்லாத புள்ளி) இல்லை, ஆனால் t = 0 இல் இழையே காணாமல் போய்விடுகிறது. முடிவிலிக்குத் தப்பியோட வழி இருந்தால் அடுத்த படி வேலை செய்யாது.

கெட்ட புள்ளிகள்

வலப்பக்க மூலங்கள் 0, 1, λ. அவற்றின் வித்தியாசங்களின் வர்க்கங்களைப் பெருக்கினால் தன்மைகாட்டி λ²(λ − 1)². ஆகவே λ = 0, λ = 1 இல் இழை கெடும். முடிவிலியையும் சோதிக்க வேண்டும்; பலர் மறக்கும் இடம் இதுதான். x = λX, y = λ^(3/2)Y என்று பிரதியிட்டு, μ = 1/λ என்று எழுதினால்

Y² = X(X − 1)(X − μ)

என்று அதே வடிவம் வரும்; μ = 0 இல் அதுவும் கெடும். இடையில் λ^(3/2) என்ற அரை அடுக்கு வந்ததைக் கொப்பியில் வட்டமிட்டு வையுங்கள். பின்னால் ஒரு கழித்தல் குறியாக அது திரும்பி வரும்.

இந்த மூன்று புள்ளிகளையும் நீக்கிய அடிவெளியில் எல்லா இழைகளும் ஒப்பமானவை, மூடியவை. அப்படியானால் அவை இடத்தியல் ரீதியில் எல்லாம் ஒன்றே என்பது ஏரெஸ்மானின் தேற்றம். இங்கே ஒவ்வோர் இழையும் டோரஸ், அதாவது நடுவில் ஓட்டையுள்ள உழுந்து வடையின் மேற்பரப்பு. உருவம் மாறாவிட்டால் மாறுவது என்ன? சிக்கலெண் அமைப்பு. அதை ஓர் எண்ணால் பிடிக்கலாம்:

j(λ) = 256(λ² − λ + 1)³ / (λ²(λ − 1)²)

இரண்டு இழைகள் சமவுருவாக இருப்பது அவற்றின் j சமமாக இருக்கும்போது மட்டுமே. λ = −1, 2, 1/2 மூன்றுக்கும் 1728 வரும்; மூன்றும் ஒரே வளையி. λ = 3 இற்கு 21952/9. பொதுவாக λ, 1 − λ, 1/λ, 1/(1 − λ), (λ − 1)/λ, λ/(λ − 1) ஆகிய ஆறும் ஒரே j ஐத் தரும். உங்கள் கணிப்பில் λ = 3 உம் λ = −2 உம் வேறு வேறு விடை தந்தால் எங்கோ கை தவறியிருக்கிறது.

j மாறிலியாக இருந்தால் குடும்பம் சும்மா ஒரு பெருக்கம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. y² = x³ + t இல் எல்லா ஒப்பமான இழைகளுக்கும் j = 0. t = s⁶ என்று வைத்து x = s²X, y = s³Y எனப் பிரதியிட்டால் Y² = X³ + 1; t முற்றாக மறைந்துவிடும். ஆனால் s⁶ என்ற அந்த மாற்றம் செய்யாமல் அது மறையாது. t = 0 ஐ ஒருமுறை சுற்றி வந்தால் இழை தன்மேலேயே ஆறில் ஒரு திருப்பம் திரும்பியிருக்கும்.

தொகையீட்டால் அளப்பது

இந்த வேலையின் நடுமையம் இதுதான். நேரத்தை இங்கே செலவழியுங்கள். ஒவ்வோர் இழையிலும் dx/y என்ற வகையீடு உண்டு. அதை இழையின் மேலுள்ள மூடிய சுற்று ஒன்றின் வழியே தொகையிட்டால் வருவது காலகம். λ மாறும்போது காலகம் எப்படி மாறுகிறது என்பதே குடும்பத்தின் மாற்றத்துக்கான அளவு.

1 இலிருந்து முடிவிலி வரை தொகையிடுங்கள். x = 1/u எனப் பிரதியிட்டால், 0 இலிருந்து 1 வரை

u^(−1/2) (1 − u)^(−1/2) (1 − λu)^(−1/2)

என்பதன் தொகையீடு வரும். கடைசிக் காரணியை ஈருறுப்பு விரிவால் விரித்து உறுப்புறுப்பாகத் தொகையிட்டால்

π(1 + λ/4 + 9λ²/64 + 25λ³/256 + 1225λ⁴/16384 + …)

குணகங்கள் 1/2, 3/8, 5/16, 35/128 ஆகியவற்றின் வர்க்கங்கள். |λ| < 1 எனில் தொடர் ஒருங்கும். λ = 1/2 இல் முதல் ஐந்து உறுப்புகள் 1.1770 தரும், முழுத் தொகை 1.1803. λ ஒன்றை நெருங்க நெருங்கத் தொடர் ஆமை வேகத்தில் நகரும்.

எண் மட்டும் வேண்டுமென்றால் தொடரைவிடக் கவுஸின் வழி மேல். 1 உம் √(1 − λ) உம் எடுத்து, கூட்டலிடையையும் பெருக்கலிடையையும் மாறி மாறிக் கண்டுகொண்டே போங்கள். λ = 1/2 இற்கு: 1, 0.707107, பிறகு 0.853553, 0.840896, பிறகு 0.847225, 0.847201, பிறகு இரண்டும் 0.847213. மூன்றே சுற்று. π ஐ இதனால் வகுத்தால் 3.70815, அதுதான் தொகையீட்டின் பெறுமானம். இதன் அரைவாசியை வழக்கமாக K என்பார்கள். √(1 − λ) இற்குப் பதில் √λ வைத்து அதே வேலையைச் செய்தால் K′. டோரஸின் வடிவம் τ = iK′/K என்ற விகிதத்தில் உள்ளது. λ = 1/2 இல் K உம் K′ உம் சமம், τ = i, சதுர வலையமைப்பு. j = 1728 என்று முன்பு வந்ததோடு இது ஒத்துப்போகிறது.

இனி, தொகையீட்டைக் கணிக்காமலே அது நிறைவேற்றும் வகையீட்டுச் சமன்பாட்டைப் பெறலாம். தொகையிடும் கோவையை λ குறித்து இருமுறை வகையிடுங்கள். x − λ ஐ u என்று எழுதிக்கொண்டால், λ(1 − λ) × இரண்டாம் பெறுதி + (1 − 2λ) × முதற்பெறுதி − 1/4 × கோவை என்பது

x^(−1/2) (x − 1)^(−1/2) u^(−5/2) [ (3/4)λ(1 − λ) + (1/2)(1 − 2λ)u − u²/4 ]

ஆகும். மறுபக்கம் y/(x − λ)² ஐ x குறித்து வகையிட்டு இரண்டால் வகுத்தால் அதே கோவை அச்சொட்டாக வரும். கையால் செய்து பாருங்கள், அரைப் பக்கம்தான். மூடிய சுற்றில் ஒரு சார்பின் பெறுதியைத் தொகையிட்டால் பூச்சியம். ஆகவே காலகம் w ஒவ்வொன்றும்

λ(1 − λ)w″ + (1 − 2λ)w′ − w/4 = 0

என்ற பிக்கார்ட்–ஃபுக்ஸ் சமன்பாட்டை நிறைவேற்றும். இந்தச் சமன்பாட்டின் கெட்ட புள்ளிகள் 0, 1, முடிவிலி. தன்மைகாட்டி சொன்ன அதே மூன்று. வேறு குடும்பத்தில் நீங்கள் பெறும் சமன்பாட்டில் நான்காவதாக ஒரு புள்ளி முளைத்தால் பதற வேண்டாம். தெரிவு செய்த வகையீடு அந்தப் புள்ளியில் பூச்சியமாகியிருக்கலாம். இழை கெட்டிருக்க வேண்டுமென்பதில்லை. சுற்றி வந்து தீர்வுகள் மாறாவிட்டால் அது போலிப் புள்ளி.

சுற்றி வருதல்

λ ஐ 0.1 இல் வைத்து, பூச்சியத்தை இடஞ்சுழியாக ஒருமுறை சுற்றி அதே இடத்துக்குக் கொண்டு வாருங்கள். இழை அதேதான். அதன் மேலுள்ள சுற்றுகள் அதேயல்ல.

0 ஐயும் λ ஐயும் சேர்த்துச் சூழும் சுற்றை δ என்றும், λ ஐயும் 1 ஐயும் சூழும் சுற்றை γ என்றும் கொள்வோம். இரண்டும் ஒரு தடவை வெட்டும். λ பூச்சியத்தை அணுகும்போது சுருங்கிப் போவது δ. 0 உம் λ உம் அரைத் திருப்பம் சுற்றி இடம் மாறினால் γ ஆனது γ + δ ஆகும். λ முழுச் சுற்றுச் சுற்றும்போது இரண்டு அரைத் திருப்பங்கள் நடக்கின்றன. ஆகவே γ → γ + 2δ, δ மாறாது. தாயமாக எழுதினால் முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 0, 1.

ஒரு சுற்று சுருங்கிப்போகும் புள்ளியைச் சுற்றி வந்தால் மற்றச் சுற்றுகள் எப்படி மாறும் என்று சொல்லும் பிக்கார்ட்–லெஃப்ஷெட்ஸ் சூத்திரத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இங்கே 2 இற்குப் பதில் 1 எழுதிவிடுவார்கள். சூத்திரத்தில் குற்றமில்லை, அதன் நிபந்தனை பொருந்தவில்லை. x = 0 இற்கு அருகில் x − 1 ஐ −1 எனக் கொண்டால் y² + (x − λ/2)² = λ²/4. இடப்பக்கத்தைக் காரணிப்படுத்தினால் uv = λ²/4. λ வர்க்கத்தில் நிற்கிறது. ஆகவே இழைகளைச் சேர்த்த முழு வெளியும் அந்தப் புள்ளியில் சிங்குலர். சூத்திரம் ஒருமுறை மட்டும் செல்லுபடியாவது uv = λ என்ற வடிவில்தான். தாயத்தை எழுதுமுன் இந்தச் சின்னச் சோதனையை எப்போதும் செய்யுங்கள்.

இதை எண்ணாலும் சரிபார்க்கலாம். λ = 0.1 இல் K = 1.6124, K′ = 2.5781. பூச்சியத்தை ஒருமுறை சுற்றினால் K அப்படியே திரும்பும். K′ ஆனது K′ − 2iK ஆகும், அதாவது 2.5781 − 3.2249i, τ இல் 2 கூடும். மென்பொருளில் வட்டத்தை 64 துண்டாக்கி K′ ஐக் கணித்துக்கொண்டு வந்தால் கடைசியில் மறுபடி 2.5781 தான் காட்டும். காரணம், λ மறை மெய்யச்சைக் கடக்கும்போது √λ இன் குறியை மென்பொருள் தானாக மாற்றிவிடுகிறது. அதே படியில் K′ உம் குதித்துவிடும். வர்க்கமூலத்தின் குறியை மட்டும் திருத்தினால் போதாது: பின்வரும் இடைகளிலும் அதே தெரிவு ஒளிந்திருக்கிறது. நம்பகமான வழி, பிக்கார்ட்–ஃபுக்ஸ் சமன்பாட்டையே வட்டத்தின் வழியே எண்முறையில் தீர்ப்பது. வகையீட்டுச் சமன்பாட்டுக்குக் குறி தெரிவு செய்யும் வேலை இல்லை.

λ மிகச் சிறியதாக இருக்கும்போது K′ ஏறத்தாழ (1/2) மட 16/λ என்பதும் இதையே சொல்கிறது. இங்கே மடக்கை இயற்கை மடக்கை. பூச்சியத்தைச் சுற்றினால் மட λ இல் 2πi கூடும், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். சுருங்கும் சுற்றான δ இன் காலகம் பூச்சியமாவதில்லை என்பதையும் பார்த்துவையுங்கள்: அது 2π ஐ நாடுகிறது. முடிவிலிக்குப் போவது மற்றதுதான்.

λ = 1 இற்கும் இதே மாதிரி: முதல் நிரை 1, 0; இரண்டாம் நிரை −2, 1. இரண்டையும் பெருக்கினால் முதல் நிரை −3, 2. இரண்டாம் நிரை −2, 1. முடிவிலியைச் சுற்றுவது இதன் நேர்மாறு. மூலைவிட்டக் கூட்டுத்தொகை −2. இரு ஐகன் பெறுமானங்களும் −1. வட்டமிட்டு வைத்த λ^(3/2) இன் கழித்தல் குறி இதோ. −2 இற்குப் பதில் தவறுதலாக +2 என்று எழுதியிருந்தால் பெருக்கத்தின் மூலைவிட்டக் கூட்டுத்தொகை 6 ஆகியிருக்கும். அப்படி வரவே முடியாது: கெட்ட புள்ளியைச் சுற்றும் தாயத்தின் ஐகன் பெறுமானங்கள் எப்போதும் ஒன்றின் மூலங்கள். ஆகவே 2×2 தாயத்தில் கூட்டுத்தொகை −2 இலிருந்து 2 வரைதான் இருக்கலாம். குறிப் பிழைகளை இந்தச் சோதனை உடனே பிடித்துக்கொடுக்கும்.

ஒரு புள்ளியில் நின்றே மாற்றத்தை அறிதல்

சுற்றி வராமல், ஒரே இழையில் நின்று, இந்தத் திசையில் நகர்ந்தால் அமைப்பு மாறுமா என்று கேட்கலாம். கொடைரா–ஸ்பென்சர் வகுப்பு அதற்கானது. சமன்பாடு ஒன்றால் வரையறுக்கப்பட்ட உருவானால் கணிப்பு சின்னது. x³ + y³ + z³ = 0 ஐ எடுங்கள். பகுதிப் பெறுதிகள் தருவது x², y², z² என்ற ஐடியல். சமன்பாட்டில் ε x²y ஐச் சேர்த்தால் அது ஐடியலுக்குள் விழுகிறது. x ஐ x − εy/3 ஆக்கினால் முதல் வரிசையில் மறைந்தே போகும். வெறும் ஆள்கூற்று மாற்றம். ε xyz ஐச் சேர்த்தால் அது ஐடியலுக்குள் இல்லை. வளையி உண்மையில் மாறுகிறது. மூன்றாம் படி உறுப்புகள் 10, ஆள்கூற்று மாற்றங்கள் 9, மிச்சம் 1. ஐந்து மாறிகளில் ஐந்தாம் படி எனில் 126 − 25 = 101.

அந்த 101 இல் ஒரு திசையை மட்டும் எடுத்து, ஐந்து ஐந்தாம் அடுக்குகளின் கூட்டுத்தொகை = 5ψ × ஐந்து மாறிகளின் பெருக்கம் என்று எழுதினால் ட்வோர்க் குடும்பம். ψ⁵ = 1 இல் 125 கணுக்கள், அதாவது மிக எளிய வகைச் சிங்குலர் புள்ளிகள். காலகத் தொடரின் குணகங்கள் (5n)!/(n!)⁵: 1, 120, 113400. சமன்பாடு நான்காம் வரிசை. ஆனால் இழையின் நடுப் பரிமாணச் சுற்றுகள் 204. மாறிகளை, பெருக்கம் 1 ஆக வரும் ஒன்றின் ஐந்தாம் மூலங்களால் பெருக்கும் சமச்சீர்க் கூட்டத்துக்கு அசையாத 4 மட்டுமே இந்தச் சமன்பாட்டில் வருகின்றன. 204 உம் இதற்குள் இருப்பதாக நினைத்து எண்ணிக்கை போட்டால் ஒன்றும் பொருந்தாது.

அடுத்துச் செய்ய வேண்டியது

x³ + y³ + z³ = 3λxyz என்ற ஹெஸ்ஸே குடும்பத்தை இதே ஒழுங்கில் நீங்களே செய்யுங்கள். λ³ = 1 தரும் மூன்று புள்ளிகளிலும் முடிவிலியிலும் இழை மூன்று நேர்கோடுகளாலான முக்கோணமாக உடையும். முக்கோணம் ஒவ்வொன்றின் ஒய்லர் எண் (உச்சிகள் − விளிம்புகள் + முகங்கள் என்று எண்ணிக் கிடைப்பது) 3, ஆக மொத்தம் 12. எறியக் கோட்டின் (முடிவிலிப் புள்ளியும் சேர்ந்த λ வெளியின்) மேல் இப்படியான நீள்வளைய வளையிக் குடும்பத்தில், அதாவது பொதுவான இழை டோரஸாக உள்ள குடும்பத்தில், முழு வெளியின் சிங்குலர் புள்ளிகளைத் தீர்த்து, இழைக்குள் வீணாகத் தொங்கும் கோடுகளைச் சுருக்கிய பிறகு மொத்தம் எப்போதும் 12 இன் மடங்கு. லெஜாந்தரில் 0 உம் 1 உம் ஒவ்வொன்றும் 2 தரும்; முடிவிலி, அந்தக் கழித்தல் குறியால், 2 உடன் 6 சேர்ந்து 8 தரும். கூட்டினால் 12. அந்த 6 ஐ விட்டுவிட்டு மொத்தம் 6 என்று எடுத்தவர்கள் λ^(3/2) ஐ வட்டமிட்ட பக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.